முழுக்கக் கேள், மகள்

விக்ரோறியா
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

போன கிழமை ரெலிபோனில் "கதையை வைத்துச் சட்டம் படிக்கிறதோ பெரியம்மா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறக்க முதல் சிரித்தும் விட்டாய். அந்த நேரம் எனக்குப் பதில் வரவில்லை. ரெண்டு நாளாக மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. நேரில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே விழுவாய் என்றபடியால் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக இருந்து வாசி. இரவில் நூடில்ஸ் மட்டும்தான் தின்கிறாய் என்று அம்மா கவலைப்படுகிறாள். அதற்கு உனக்குத் தனியாக ஏச்சு இருக்கிறது.

கோடை லீவுக்கு வந்து வேலை பார்க்கலாமோ என்று நீ யோசிக்கிற இடம், நான் மாலை வேலை செய்கிற நூலகத்திலிருந்து எட்டி நடக்கிற தூரம்தான். விக்ரோறியாப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்தின் பூர்வகுடிச் சட்ட ஆய்வுப் பிரிவு. 2012இல் தொடங்கினது. அதைக் கட்டி எழுப்பியதில் முன்னுக்கு நின்றவர் வால் நெப்போலியன், கிரீ இனத்தவர். பூர்வகுடிகளைப் பற்றி ஒட்டாவா போட்ட சட்டங்களைப் படிக்கிற இடம் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது இல்லை, பிள்ளை. ஒட்டாவா என்று ஒரு ஊரே இல்லாத காலத்திலிருந்து கிரீ மக்களுக்கு, செக்வெப்பெம் மக்களுக்கு, கரையோர சேலிஷ் மக்களுக்கு இருந்துவருகிற சொந்தச் சட்டங்களைப் படிக்கிற இடம்.

எப்படிப் படிக்கிறார்கள் என்றுதானே கேட்டாய்? ஒரு சமூகம் தங்களோடு வேலை செய்ய வாருங்கள் என்று கூப்பிட்டால், அவர்களுடைய பழங்கதைகளை எடுத்து, நீ வகுப்பில் தீர்ப்புகளுக்குச் சுருக்கம் எழுதுகிற மாதிரியே எழுதுகிறார்கள். இதில் பிரச்சினை என்ன, முடிவெடுத்தது யார், என்ன முடிவு, ஏன் அந்த முடிவு. எழுதினதோடு நிற்பதில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் ஊர்ப் பெரியவர்களோடு இருந்து, நாங்கள் விளங்கிக்கொண்டது சரியோ என்று கேட்கிறார்கள்.

கிரீக் கதைகளில் வெட்டிக்கோ என்று ஒன்று வரும். மேலோட்டமாகப் பார்த்தால் மனிதரைத் தின்னும் பேய்க்கதை. ஆனால் வெட்டிக்கோ என்பது பெரும்பாலும் சொந்த வீட்டு ஆள். புருஷனாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம். கூட இருந்தவன் மெல்ல மெல்ல மாறி, தன் ஆட்களுக்கே ஆபத்தாகிறான். அப்போது யாருக்குச் சொல்ல வேண்டும், பிள்ளைகளை எங்கே ஒதுக்கி வைக்க வேண்டும், முதலில் குணப்படுத்தப் பார்ப்பதோ, சரிவராவிட்டால் எதுவரைக்கும் போகலாம், அதை யார் தனியே தீர்மானிக்கக் கூடாது. அந்தக் கதைகளுக்குள் இதெல்லாம் கிடக்கிறது. வீட்டுக்குள் அடிக்கிறவனைப் பற்றி நீ படிக்கிற சட்டமும் இந்தக் கேள்விகளோடுதானே மல்லுக்கட்டுகிறது?

இனி மேரி ஜோன்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மாகாணத்தின் வடக்கே 58,000 சதுர கிலோமீற்றர் நிலம் தங்களுடையது என்று கிற்க்சான், வெற்சுவெட்டன் மக்கள் போட்ட வழக்கு 1987இல் விசாரணைக்கு வந்து 374 நாள் நடந்தது. அவர்களிடம் காணி உறுதி இல்லை. பாட்டு இருந்தது. ஒவ்வொரு வீட்டாருக்கும் ஒரு வரலாறு, அந்த வரலாற்றுக்குள் அவர்களுக்கே உரித்தான பாட்டு. மேரி ஜோன்சன் சாட்சி சொல்ல வந்து, தன் வீட்டாரின் துக்கப் பாட்டைப் பாட வேண்டும் என்ற கட்டம் வந்தபோது நீதிபதி சங்கடப்பட்டார். பாடத்தான் வேண்டுமா என்று கேட்டார். பாட்டுக் கேட்கிற காது தனக்கு இல்லை என்றும் சொன்னார். அந்த மனுசி பாடினார். 1991இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. 1997 டிசம்பர் 11ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, வாய்மொழி வரலாற்றையும் எழுத்துச் சான்றுக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் புது விசாரணைக்கு அனுப்பியது.

இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. ஏன் என்று உன் அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. தொண்ணூறுகளில் அகதி விசாரணைகளில் மொழிபெயர்க்கப் போனேன், உனக்குத் தெரியும்தானே. ஒருநாள் ஒரு வயது போன அம்மா வந்தார். மகனை எப்போது பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்வி. புகையிலைக் கன்று நட்டு இரண்டாம் தண்ணி விட்ட காலமை என்று தொடங்கினார். துலாவில் யார் நின்றது, அடுப்பில் என்ன வெந்தது, படலையில் நாய் எப்படிக் குரைத்தது என்று சொல்லிக்கொண்டு போனார். மடியில் கைலேஞ்சியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். திகதி மட்டும் போதும் என்றார் விசாரித்தவர். நான் திரும்பி, "திகதியைச் சொல்லுங்கோ அம்மா" என்று வெட்டினேன். அதோடு அவர் வாய் மூடிவிட்டது. பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் ஓம், இல்லை, அவ்வளவுதான். அன்று நான் சுருக்கமாக மொழிபெயர்த்தேன் என்று பாராட்டினார்கள். அந்த இரண்டாம் தண்ணிக்குள்தான் திகதி இருந்தது, மகள். கன்று நட்ட நாளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கணக்குப் பார்த்திருக்கலாம்.

சட்டம் இல்லாத சனம் என்று பூர்வகுடிகளைச் சொன்னவர்கள்தான் அவர்களுடைய சட்டம் நடக்கிற இடத்தையும் மூடினார்கள். கரையோர மக்களுக்குப் பொட்லாச் விருந்தில்தான் பெயரும் நிலவுரிமையும் கைமாறும். வந்திருப்பவர்கள் எல்லாரும் சாட்சி. சாட்சி நின்றதற்குக் கொடை கொடுத்துத்தான் அனுப்புவார்கள். 1885 முதல் 1951 வரை அந்த விருந்து குற்றம். 1927இலிருந்து, அரசு அனுமதியில்லாமல் நில வழக்குக்குக் காசு சேர்ப்பதும் குற்றம். அப்புக்காத்துக்கு என்னத்தைக் கொடுப்பது? நான் குடியிருக்கிற இந்த ஊரைச் சுற்றியுள்ள நிலத்துக்கு 1850இலிருந்து ஒப்பந்தம் எழுதினபோது, அடையாளம் வாங்கின தாள் வெற்றுத் தாள். வாசகம் பிறகுதான் வந்தது. எங்களுக்குக் கனடா அடைக்கலம் தந்தது என்று சொல்லிச் சொல்லியே உங்களை வளர்த்தோம். தந்த நிலம் யாருடையது என்று கேட்க எனக்கு இருபது வருடம் பிடித்தது. அது எனக்கு வெட்கம்தான்.

பழசு என்றால் எல்லாம் நல்லது என்று நினைத்துக்கொண்டும் வராதே. என் சீதனக் காணியை விற்க, எங்கள் தேசவழமைச் சட்டப்படி உன் பெரியப்பா கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. அந்தத் தேசவழமையை 1707இல் ஒல்லாந்தருக்காக எழுதித் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ். பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் ஆம்பிளைகள். தோட்டத்தில் தண்ணி மாறின எந்தப் பெண்ணிடம் கேட்டார்கள்? இங்கே ஆய்வுப் பிரிவில் உள்ளவர்கள் அந்தக் கேள்வியையும் விடுவதில்லை. இந்தக் கதையில் பெண்கள் எங்கே, யாருடைய குரலைக் காணவில்லை என்று கேட்டுக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். எனக்கு இந்த இடத்தில் பிடித்ததே அதுதான். 2018இலிருந்து இதே பீடத்தில் கனடாச் சட்டத்தையும் பூர்வகுடிச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்கிற நாலு வருடப் பட்டம் ஒன்றும் இருக்கிறது. உனக்கு அது இப்போது வேண்டாம், கையில் இருக்கிறதை முதலில் முடி.

வா. என்னோடு தங்கலாம், முன் அறை சும்மாதான் கிடக்கிறது. ஆனால் இரண்டு மாதத்தில் எதையாவது எடுத்துக்கொண்டு ஓடி ஒரு கட்டுரை எழுதுகிற எண்ணம் இருந்தால் வராதே. இந்தச் சனத்திடம் வந்து எழுதி எடுத்துக்கொண்டு போனவர்கள் போதும்.

வர முதல் ஒரு வேலை செய். உன் சின்ன மாமாவுக்குக் கோல் எடு. அம்மம்மா வீட்டுப் பங்குக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை, கோடையில் தண்ணி வற்றினால் யார் விட்டுக்கொடுத்தது, சண்டை வந்தால் யாரிடம் போனது என்று கேள். அதெல்லாம் தெரிந்த ஆள் இனி அவர் ஒருவர்தான். போனிலேயே பதிவு செய். அவர் மாட்டைப் பற்றித் தொடங்குவார், பிறகு செத்துப்போன ஆட்களைப் பற்றிப் போவார். நடுவில் திகதி கேட்காதே. அவர் முடித்த பிறகு எனக்கு அனுப்பு, நான் இருந்து எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா