வாய்தாவும் சர்க்கரையும்

எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது 2014இல். வழக்கு வந்தது 2019இல். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. என் உடம்பு இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்கிறது. ஊர்ப் பேரை எழுதப் போவதில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. நான் அதில் முதல் சாட்சி.

எங்கள் காலனியில் செத்துப்போன ஒரு பாட்டியின் பாடையை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று மறித்தார்கள். மழைக்காலம். நாங்கள் வழக்கமாகப் போகிற வாய்க்கால் வழியில் இடுப்பளவு தண்ணீர். எங்க பசங்க தார்ரோட்டில் ஏறினாங்க. அடி விழுந்தது. பார்த்ததைப் பார்த்தேன்னு போலீசில் சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து ஊர்த்தெருவிலிருந்து ஜாக்கெட் துணி வருவது நின்றுபோனது. நான் தையல்காரி. ஏற்கெனவே கொடுத்திருந்த துணியையும் வெட்டுறதுக்கு முன்னால் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். இப்படிப் புறக்கணிப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் வருஷத் திருத்தப்படி குற்றம். சட்டத்தில் இருக்கு. ஊரில் அது யாருக்கும் உறைக்கலை.

என்னிடம் ஒரு அளவு நோட்டு உண்டு. முன்பக்கத்திலிருந்து ஜாக்கெட் அளவு. பின்பக்கத்திலிருந்து சுகர் அளவு. சீட்டுப் பணத்தில் ஒரு மிஷின் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் சொருகுகிற பட்டை விலை அதிகம், அதனால் எண்ணித்தான் செலவு செய்வேன். விரல் நுனியில் குத்தமாட்டேன், ஊசி பிடிக்கிற கை. பக்கவாட்டில் குத்துவேன். வழக்குக்கு முன்னால் காலையில் வெறும் வயிற்றில் 125, 130 என்று எழுதியிருக்கிறது. வாய்தா நாட்களில் 210, 238, ஒருமுறை 271. ஒரு வேளை மாத்திரையும் விடவில்லை. ராத்திரி தின்றது ரெண்டு தோசை. பிறகு இந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

ஆஸ்பத்திரியில் கேட்டேன். டாக்டர் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்றார். டென்ஷன் என்ன நானா கடைக்குப் போய் வாங்கிட்டு வர்ற சாமானா? வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போறாங்க.

புரியும்படி சொன்னது துணை சுகாதார நிலையத்து நர்ஸ்தான். "அக்கா, சாப்பிடறது மட்டும் ரத்தத்துல சர்க்கரையாவறதில்ல. கல்லீரல்ல ஒரு சேமிப்பு இருக்கு. பயமோ கோவமோ வந்தா அட்ரினலின், கார்ட்டிசால்னு சுரந்து அந்தச் சேமிப்பைத் தொறந்து விட்டுடும். ஓடறதுக்கோ சண்டை போடறதுக்கோ ஒடம்பு தயாராவுது. அந்த நேரத்துல இன்சுலின் சொல்ற பேச்சையும் ஒடம்பு சரியாக் கேக்காது. சுகர் இல்லாதவங்களுக்கு கணையம் கூடுதலா சுரந்து சமாளிச்சிடும். நமக்கு முடியாது."

கோர்ட் வராண்டா கண்ணுக்கு முன்னால் வந்தது. பத்தடி தூரத்தில் அடித்தவர்கள் வெள்ளை வேட்டியில் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னால் ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. பேர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கணும். ஓடறதுக்கு என்று உடம்பு கொடுத்த சர்க்கரை ஓடாமல் ரத்தத்திலேயே நிற்கிறது.

அங்கே பொம்பளைங்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். கக்கூஸ் பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்று ஆம்பளைங்களிடம் போய்க் கேட்கணும். அதனால் தண்ணி குடிக்காமல் இருக்கிறோம். உடம்பில் தண்ணி வற்றினால் சர்க்கரை இன்னும் கூடும்.

ஒரு நாள் ராத்திரி நாலு பேர் சமாதானம் பேச வந்தார்கள். பணம் தருவதாகச் சொன்னார்கள். அதில் ஒருவர் ரொம்ப அக்கறையாக, "உனக்குத்தான் சுகர் இருக்குதே, ஏம்மா கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலையற? ஒடம்பப் பாரு" என்றார். நான் முடியாதுன்னு சொல்லி அனுப்பினேன். அன்று ராத்திரி 294. என் மகனே, "எம்மா, ஒடம்புக்காகவாவது வுட்டுடேம்மா" என்று அழுதான்.

டாக்டர் சொன்ன அதே வார்த்தைதான் ஊர்க்காரர் வாயிலும் வருகிறது. டென்ஷன் வேண்டாம் என்றால், எங்களுக்கு அதன் அர்த்தம் சாட்சி சொல்ல வேண்டாம் என்பது. என் வியாதியை அவர்கள் வக்கீலாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அதற்கு நான் விடப் போவதில்லை. சர்க்கரையை அடக்கி வைப்பதும் சாட்சியைக் காப்பாற்றுகிற வேலைதான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். வாய்தாவுக்கு மூன்று நாள் முன்பிருந்து ராத்திரித் தையல் கிடையாது. தூக்கம் கெட்டால் காலையில் சர்க்கரை ஏறும். ராத்திரி சாப்பிட்டதும் காலனித் தெருவில் இருபது நிமிஷம் நடக்கிறேன். நடக்கும்போது கால் சதை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். முதலில் தனியாக நடந்தேன், இப்போது ஆறேழு பொம்பளைங்க சேர்ந்து நடக்கிறோம்.

டயட் சார்ட் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஓட்ஸ், ஆப்பிள், பாதாம். எங்களுக்கு வருவது 2011இலிருந்து இலவசமாகக் கிடைக்கிற ரேஷன் அரிசி. அதைக் குறைத்து, முருங்கைக்கீரை, முட்டை, மாட்டுக்கறி சேர்த்துக்கொள்கிறேன். மாட்டுக்கறியில் மாவுச்சத்து இல்லை, சர்க்கரையை அரிசி மாதிரி ஏற்றாது. எந்தச் சார்ட்டிலும் அதை எழுதி நான் பார்த்ததில்லை. களி தின்றால் சுகரே ஏறாது என்பார்கள். அதிலும் மாவுச்சத்துதான், உருண்டை சின்னதாக இருக்கணும்.

கோர்ட்டுக்குப் போகிற காலையில் பட்டினி கிடப்பதில்லை. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், படபடக்கும். பயந்தாலும் இதேதான் வரும். கூண்டில் நிற்கும்போது எது எதுன்னு தெரியாது. அதனால் பையில் மிஷினும் மிட்டாயும் இருக்கும். சர்க்கரை கூடினது என்று நானாக ஒரு மாத்திரை கூட்டிப் போடமாட்டேன். நோட்டைக் காட்டி டாக்டரையே மாற்றி எழுதச் சொல்வேன். 300க்கு மேலேயே நின்று, வாந்தி, மூச்சுவாங்கல், அசதி வந்தால் வாய்தாவாவது ஒண்ணாவது, நேரே ஆஸ்பத்திரி. வாய்தா வாங்கிக்கொள்ளலாம்.

மூணு மாசச் சராசரி டெஸ்ட் 9.4இலிருந்து 7.9க்கு வந்திருக்கிறது. 7க்குக் கீழே வரணும்.

பாபாசாகேப்புக்கும் இந்த வியாதிதான். 1948 ஏப்ரலில் அவர் கல்யாணம் செய்துகொண்ட சவிதா ஒரு டாக்டர். அந்த வருஷம்தான் அரசியல் சட்ட வரைவைச் சபையில் வைத்தார். இன்சுலின் போட்டுக்கொண்டு, கால் வலியோடு அவ்வளவு எதிர்ப்புக்கும் பதில் சொன்னார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார், டிசம்பர் 6இல் போய்விட்டார். நம் மேடைகளில் அவர் எழுதிய சட்டத்தைப் பேசுகிறோம். அவர் உடம்பு பட்ட பாட்டை யாரும் பேசுவதில்லை. கூட்டம் முடிந்து ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா தின்றுவிட்டு, மாத்திரையை மறந்து வண்டியேறுகிற தோழர்கள் இதை யோசிக்கணும்.

குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் முடிந்தவரை விசாரணையை முடிக்கணும் என்று சட்டம் சொல்கிறது. சாட்சிக்குப் பயணச் செலவும் படியும் உண்டு என்று 1995ஆம் வருஷ விதிகள் சொல்கின்றன. எனக்குச் சம்மன் வந்தது 14 தடவை. கூண்டில் ஏற்றியது ஒரே தடவை, அதுவும் பாதி. இந்தத் தாமதத்தில் எதிரிக்குச் செலவு வக்கீல் பீஸ். எனக்குச் செலவு கண், சிறுநீரகம், கால் நரம்பு. ஆகவே வாய்தா தள்ளிப்போவதைச் சங்கங்கள் உடம்புப் பிரச்சினையாகவும் எடுத்துப் பேச வேண்டும். சாட்சியோடு ஒரு ஆள் கூடப் போகணும். கக்கூஸ் சாவிக்கு மனு எழுதணும். படிக்காசை வாங்கிக் கொடுக்கணும். சுவரொட்டி ஒட்டுவது போல இதுவும் இயக்க வேலை.

குறுக்கு விசாரணை இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு எங்களோடு நடக்கிற பொம்பளைங்க எல்லாரும் வருகிறார்கள். ஆளுக்கொரு தூக்குச்சட்டி, ஆளுக்கொரு தண்ணிப் பாட்டில். படிக்கிற பிள்ளைங்க யாராவது வருவதானால் வாங்க, வரும்போது சாப்பாடு கட்டிக்கொண்டு வாங்க. எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்கன்னு சொல்ல முடியாது.