வரைபவரும் வாங்குபவரும்

மட்டக்களப்பு நகரிலிருந்து நேர்வழியிற் கல்லடிக்கு வருவோர் வாவியைக் கடந்தே ஆகவேண்டும். 1924 ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, அக்காலத் தேசாதிபதி சேர் வில்லியம் மனிங்கின் துணைவியாரது பெயரைத் தாங்கிய இரும்புப் பாலம் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அப்பணியை ஆற்றிற்று. ஒரு கரையின் வாகனங்கள் சென்று முடியும்வரை மறுகரையின் வாகனங்கள் காத்து நிற்க நேர்ந்த ஒடுங்கிய பாலம் அது. 2013 இல் அதனருகே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. அப்பாலத்தின் கீழுள்ள நீரிற் பாடும் மீன்களைப் பற்றி எழுதாத மட்டக்களப்புக் கட்டுரையாளர் அரியர். அதன் மேலே இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் செல்லும் வாகனங்களைப் பற்றி எழுதியோர் அவரினும் அரியர்.

அவ்வாகனங்களைச் சற்று நின்று நோக்குதல் தகும். போக்குவரத்துச் சபையின் பேருந்து பெரும்பாலும் சென்னையின் எண்ணூரிற் பிறந்த அசோக் லேலண்ட் வழிவந்தது. 1948 இல் அசோக் மோட்டோர்ஸ் எனத் தோன்றி 1955 இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், 1982 இல் இலங்கையிலும் ஒரு கிளை நிறுவனத்தை அமைத்துக்கொண்டது. முச்சக்கர வண்டி பூனாவின் பஜாஜாக அல்லது தமிழகத்தின் டி.வி.எஸ். ஆக இருக்கும். மீன் ஏற்றிச் செல்லும் சிறு லொறியும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வானும் யப்பானில் ஒரு வாழ்வு வாழ்ந்து முடித்து, மறுபிறவியாக இங்கு வந்தவை. இவை ஒவ்வொன்றும் சில ஆயிரம் பாகங்களின் கூட்டு. அப்பாகம் ஒவ்வொன்றின் பின்னும் இருவர் உளர். இன்ன அளவில், இன்ன உலோகத்தில் அமைதல் வேண்டும் என்று வரைந்தவர் ஒருவர். அதனை இன்னாரிடம், இன்ன விலைக்குப் பெறுவோம் என்று கையொப்பமிட்டவர் மற்றவர். முன்னவரைப் பொறியியலாளர் என உலகம் மதிக்கும். பின்னவர் கொள்வனவு முகாமையாளர். அவரை மதிப்பது இருக்கட்டும், அப்படி ஒருவர் உளர் என்பதையே பலர் அறியார்.

கல்லடியில் ஒரு கராச் உண்டு. தகரக் கூரை, எண்ணெய் ஊறிய மணல், ஒரு வேப்பமரம். இவ்வளவுதான் அதன் சொத்து. அதனை நடத்துபவரை ஊரார் 'பாஸ்' என்றே அழைப்பர். அவருக்கு இரு பிள்ளைகள். மூத்தவன் உயர்தரத்திற் கணிதப் பிரிவு; இளையவள் வர்த்தகப் பிரிவு. மூத்தவனைப் பற்றிப் பேசும்போது பாஸின் குரல் சற்று உயரும். இளையவளைப் பற்றி எவரேனும் வினவினால், "அவள் என்ன, கொமர்ஸ்தான் படிக்கிறாள்" என்று கையைத் துடைத்துக்கொள்வார். ஆயினும் 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது அந்தக் கராச்சைத் தாங்கியவள் அவளே. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், 2025 இன் தொடக்கத்தில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் இடமளிக்கப்படும்வரை, நாட்டிலிருந்த வாகனங்களே நாட்டின் வாகனங்கள். ஓடியே தேய்ந்தவற்றை மேலும் ஓடச்செய்யும் பொறுப்பு கராச்சுகளின் மீது வீழ்ந்தது. ரூபாவின் பெறுமதி சரிந்த 2022 இல் ஒரே பாகம் ஒரு கிழமைக்குள் இரு விலை பெற்றது. அக்காலத்திற் பாடசாலை விட்டதும் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, நகரத்துக் கடைகளில் ஏறி இறங்கி, எது மெய்ச் சாமான், எது போலி, எவரிடம் கடன் சொல்லலாம், எவரிடம் சொல்லலாகாது என்றெல்லாம் அவள் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் அவள் கொணர்ந்த சிறு பொதியைப் பிரித்த தந்தை முகம் சுளித்தார்.

"என்ன புள்ள, இந்த றப்பருக்கா இவ்வளவு காசு?"

"மலிஞ்சதும் கிடந்தது அப்பா. இது பிரேக்குக்குப் போடுற சாமான். இதுல விலை பாக்க ஏலா."

பாஸ் மறுமொழி கூறவில்லை. அவளுடைய விடையில் ஒரு பெருந்தொழிலின் முழுச் சிக்கலும் அடங்கியிருந்தது என்பதைத் தந்தையும் அறியார், மகளும் அறியாள்.

வாகனக் கம்பனி என்றதும் எல்லாவற்றையும் தானே செய்யும் ஓர் ஆலை நம் கண்முன் தோன்றுகின்றது. உண்மை வேறு. 1999 ஒக்டோபரில், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த யப்பானிய நிசான் நிறுவனம் தனது மீட்சித் திட்டத்தை வெளியிட்டபோது, அதன் செலவில் ஏறத்தாழ 60 சதவீதம் பிறரிடம் பாகங்களும் பொருள்களும் வாங்குவதற்கே செல்வது புலனாயிற்று. அச்செலவை மூன்று ஆண்டுகளில் 20 சதவீதத்தாற் குறைப்பது என்றும், 1,145 ஆக இருந்த வழங்குநர் தொகையை ஏறத்தாழ 600 ஆக்குவது என்றும் கார்லோஸ் கோன் அறிவித்தார். ஒரு கையொப்பத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஓர் ஏட்டிலிருந்து நீங்குகின்றன என்றால், அக்கையொப்பத்தை இடுவோரின் நிலை எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இத்துறையின் உச்சிக்கு ஏறியோருள் விந்தையான ஒருவர் ஹோசே இக்னாசியோ லோபெஸ். ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில், அமோரெபியெத்தா என்னும் சிற்றூரில் 1941 இற் பிறந்தவர். பொறியியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1980 இல் ஜெனரல் மோட்டோர்ஸின் ஸ்பெயின் கிளையிற் சேர்ந்து, ஜேர்மனியின் ஓப்பல் நிறுவனத்திற்கு ஏறி, 1992 இல் டெற்றோயிற் நகரில் அப்பெருநிறுவனத்தின் உலகளாவிய கொள்வனவுக்குத் தலைவரானார். அவர் வந்ததும் வழங்குநர்களோடு செய்திருந்த உடன்பாடுகள் மீண்டும் விலைப்போட்டிக்கு உட்படுத்தப்பட்டன. பல்லாண்டுகள் உறவுகொண்டாடியவர்கள் தம் விலைச்சீட்டு பலமுறை திருப்பியனுப்பப்படுவதைக் கண்டு திகைத்தனர். தம்மிடம் பணிபுரிவோரைப் போர்வீரர் என அழைத்தார். அவர்களுக்கு உணவுக் கட்டுப்பாட்டையும் விதித்தார். நிறுவனம் இலாபம் காணும்வரை கைக்கடிகாரத்தை வலக்கையில் அணியுமாறு கூறினார். பணம் பெருமளவில் மிச்சமாயிற்று. பாகங்களின் தரம் தாழ்ந்தது என்ற முறைப்பாடும் கூடவே எழுந்தது.

1993 மார்ச்சில், அவர் தங்கப்போகின்றார் என அறிவிப்பதற்கென்று பத்திரிகையாளர் அழைக்கப்பட்டிருந்த நாளில், அவர் நிறுவனத்தை விட்டு நீங்கி வொல்க்ஸ்வாகனிற் சேர்ந்துவிட்டார் என்ற செய்தியே கிடைத்தது. இரகசிய ஆவணங்களை எடுத்துச்சென்றார் என்று பழைய முதலாளி குற்றஞ்சாட்ட, இரு பெருநிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் மோதின. 1996 இல் லோபெஸ் பதவி விலகினார். மறு ஆண்டு தொடக்கத்தில் வொல்க்ஸ்வாகன் 10 கோடி டொலர் செலுத்தவும், குறைந்தது 100 கோடி டொலருக்கு ஜெனரல் மோட்டோர்ஸிடம் பாகங்கள் வாங்கவும் இணங்கிற்று. வாங்கும் கலையின் வல்லுநரைப் பற்றிய வழக்கு, வாங்குவதாக ஒப்புக்கொண்டு முடிந்தமை காலத்தின் குறும்பு போலும்.

இவை எல்லாம் செய்தித்தாள்கள் உரத்துப் பேசியவை. அவற்றின் அடியிற் கிடக்கும் ஒரு சிறு செய்தி கல்லடியில் வாழ்வோர் மனத்தைத் தொடக்கூடியது. தமது பிறந்த ஊராகிய அமோரெபியெத்தாவில் ஒரு கார்த் தொழிற்சாலை நிறுவவேண்டும் என்பது லோபெஸின் நெடுநாளைய கனவு. ஜெனரல் மோட்டோர்ஸ் அதற்குத் தயங்கிற்று. அவர் அதனை விட்டு நீங்கியமைக்கு அத்தயக்கமும் ஒரு காரணம் என்பர். உலகெங்கும் ஆலைகளின் தலைவிதியை எழுதிய அம்மனிதரால் தம் ஊரில் அவ்வொரு ஆலையை எழுப்ப இயலவில்லை. கனடாவிலோ இலண்டனிலோ உயர்பதவி வகித்துக்கொண்டு, 'ஊரில் ஏதாவது செய்யவேண்டும்' என்று தொலைபேசியிற் பெருமூச்செறியும் நம்மவர் எத்தனை பேர்!

லோபெஸைப் பற்றி வழங்குநர் கொண்டிருந்த அச்சத்தை மட்டும் கேட்டுவிட்டு, வாங்குபவர் என்றால் நசுக்குபவர் என்று தீர்மானித்தல் பிழையாகும். ஏறத்தாழ அதே காலப்பகுதியிற் சென்னையில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. பேருந்துச் சேவையில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பேரரான சுரேஷ் கிருஷ்ணா 1966 இற் சுந்தரம் பாஸ்ட்னர்ஸ் என்னும் நிறுவனத்தை நிறுவினார். போல்ட்டும் நட்டும் அதன் முதற்பொருள்கள். இங்கிலாந்தின் லிவர்பூலில் ஜெனரல் மோட்டோர்ஸ் நடத்திவந்த ரேடியேட்டர் மூடி செய்யும் பகுதியை அது 1990 களின் தொடக்கத்தில் விலைக்கு வாங்கி, இயந்திரங்களைச் சென்னைக்குக் கொணர்ந்தது. அமெரிக்க ஆலைகளுக்கு மூடிகள் சென்னையிலிருந்து செல்லலாயின. சிறந்த வழங்குநருக்கான ஜெனரல் மோட்டோர்ஸ் விருதை அந்நிறுவனம் 1990 களிற் பல ஆண்டுகள் பெற்றது.

ரேடியேட்டர் மூடி என்பது போத்தல் மூடி போன்றதன்று. உள்ளே சுற்றும் நீரை அழுத்தத்தில் வைத்திருந்து அது எளிதிற் கொதிக்காவண்ணம் காப்பதும், அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்து விடுவதும், இயந்திரம் குளிர்ந்ததும் வெளியேறிய நீரை மீண்டும் உள்ளே இழுப்பதும் அதன் தொழில்கள். அதிலுள்ள வில்லின் வலிமை சற்றுக் குறைந்தால் இயந்திரம் வெந்துபோகும். சற்று மிகுந்தால் குழாய் வெடிக்கும். கடல்கடந்து பல்லாயிரக்கணக்கில் இத்தகைய பொருளை வாங்கத் துணிந்த அதிகாரி விலையை மட்டும் நோக்கியிருத்தல் இயலாது. ஆலைக்குள் நடப்பதை அறிந்து, முன்பின் அறியாத நாட்டவரின் கைத்திறனில் நம்பிக்கை வைத்தாக வேண்டும். சென்னையில் எத்தனையோ குடும்பங்களின் சோறு அந்நம்பிக்கையிலிருந்து வந்தது.

வரைபவரின் மேசையும் வாங்குபவரின் மேசையும் ஒருவரிடமே வந்து சேரும்போது யாது நிகழும்? மேரி பாராவின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய தந்தையார் பொன்ரியாக் கார்த் தொழிற்சாலையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அச்சு செய்யும் தொழிலாளியாக இருந்தவர். மகள் 1980 இற் பதினெட்டு வயதில் அதே ஆலைக்குட் புகுந்தார். கல்விச் செலவுக்கு உழைத்தபடியே மின்பொறியியல் கற்றார். காரின் மேற்தகடுகளைச் சோதிப்பது அவருக்குக் கிடைத்த முதல் வேலை. பின்னர் ஆலை முகாமையாளர், உற்பத்திப் பொறியியலின் உபதலைவர், ஆளணித் தலைவர் எனப் பல படிகள். 2011 இற் புதிய வாகனங்களை ஆக்கும் பிரிவு முழுவதும் அவரிடம் வந்தது. 2013 இல் உலகளாவிய கொள்வனவும் அதனோடு சேர்க்கப்பட்டது. 2014 ஜனவரியில் ஜெனரல் மோட்டோர்ஸின் தலைமை நிறைவேற்று அதிகாரியானார். பெரிய வாகன நிறுவனமொன்றுக்கு ஒரு பெண் தலைவரானது அதுவே முதன்முறை.

நாற்காலி சூடாவதற்குள் இடி வீழ்ந்தது. சாவியைத் திருப்பும் ஆளி ஒன்றில் வில்லின் பிடிப்புப் போதாமையால், ஓடும்போதே சாவி நழுவி இயந்திரம் நின்றுவிடும். விபத்து நேர்ந்தாற் காற்றுப் பைகளும் விரியமாட்டா. அப்பாகம் நிறுவனம் விதித்த அளவுக்குக் குறைந்தது என்பது சோதனையிற் தெரிந்திருந்தும், 2002 இல் ஒரு பொறியியலாளர் அதற்கு ஒப்புதல் அளித்திருந்தார். 2006 இல் அது திருத்தப்பட்டது. ஆனாற் பாக இலக்கம் மாற்றப்படவில்லை. இலக்கம் மாறாமையால் பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு காணமுடியாமற் பின்வந்தோர் ஆண்டுக்கணக்கிற் குழம்பினர். 2014 இல் ஏறத்தாழ 26 இலட்சம் கார்கள் திருப்பியழைக்கப்பட்டன. நட்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அந்த ஆளியின் பெறுமதி ஏறத்தாழ 57 சதம் என அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையிற் சுட்டிக்காட்டப்பட்டது. பதினைந்து பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வளர்ந்த பாரா, தாம் பதவியேற்பதற்கு முன்னரே விளைந்த பிழைக்கு நாடாளுமன்றத்தின் முன் அமர்ந்து மன்னிப்புக் கோரினார்.

வரைபவர் கையை விட்டதும், வழங்குபவர் இணங்கிச் சென்றதும், இலக்கம் எழுதுபவர் சோம்பியதும் சேர்ந்தே அந்த 124 உயிர்களைக் கொண்டன. ஒவ்வொரு மேசையிலும் ஒரு துண்டு உண்மை இருந்தது. எம்மேசையிலும் முழு உண்மை இருக்கவில்லை. கல்லடிக் கராச்சில் இவ்வகைத் தவறுக்கு இடம் குறைவு என்று கூறினாற் சிரிக்கத் தோன்றும். ஆயினும் அங்கே பாகத்தை வாங்குபவளும் அதனைப் பூட்டுபவரும் ஒரே விளக்கின் கீழ் உண்கின்றனர். பூட்டிய வண்டியை ஓட்டுபவரோ அடுத்த ஒழுங்கையில் இருப்பவர். பெருநிறுவனங்கள் கோடிக்கணக்கிற் செலவிட்டு அமைக்க முயலும் நெருக்கம் அது.

நம் பெற்றோர் பொறியியலாளர் என்னும் சொல்லுக்கு மயங்கும் அளவு கொள்வனவு என்னும் சொல்லுக்கு மயங்குவதில்லை. வாங்குவதைக் கற்கவும் வேண்டுமா என்பது அவர்கள் எண்ணம். கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. யாழின் நரம்புகளை அளந்து கணக்கிட்ட பின்னரே யாழ் நூலை எழுதியவர். அவர் துயிலும் ஊரிலேயே கணிதம் உயர்வென்றும் ஏனையவை மிச்சமென்றும் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கின்றோம். எண்ணூர்ப் பேருந்தின் பாகங்களைத் தெரிந்தெடுத்தவர்களுள் அறிவியல் பயின்றோர் மட்டுமன்றிக் கணக்கும் சட்டமும் பயின்றோரும் இருந்திருப்பர். ஒப்பந்தத்தின் ஒரு வரியைச் சரியாக வாசிக்கத் தெரிந்த கலைப்பீட மாணவர் ஒருவருக்கும் அவ்வரிசையில் இடமுண்டு. இதனை அவருக்கு எடுத்துச் சொல்வார்தாம் இல்லை.

பாஸின் மூத்த மகன் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கின்றான். இளையவள் ஒரு பழைய கொப்பியில் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும், வாங்கிய கடையையும், விலையையும், அது எத்தனை மாதம் தாக்குப்பிடித்தது என்பதையும் எழுதி வருகின்றாள். ஏழு கடைகளுள் இரண்டின் பெயருக்கு நேரே சிவப்பு மையிற் கோடிட்டிருக்கின்றாள். அக்கடைகளின் பக்கம் பாஸ் இப்போது போவதில்லை. சென்ற கிழமை ஒரு வான்காரர் மலிவான பிரேக் றப்பர் போதும் என்று வற்புறுத்தியபோது, அவர் எண்ணெய்க் கையை நீட்டி உள்ளறையைக் காட்டினார்.

"அதெல்லாம் மகள்ட்ட கேளுங்க தம்பி."