சுன்னாகம்: கிணறு வளர்த்த ஊர்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே ஏறக்குறைய 6 மைல் சென்றால் சுன்னாகத்தை அடையலாம். ஆறு பாயாத நாடு இது. மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அந்நீரை முன்னோர் துலா மிதித்து இறைத்தனர். பங்குக் கிணறாயின் பங்காளிகள் முறைவைத்து இறைப்பர். செம்மண்ணில் வெங்காயமும் வாழையும் புகையிலையும் செழித்தன. ஊர்ச் சந்தை குடாநாடெங்கும் பெயர் பெற்றது.

கமத்தோடு கல்வியும் தழைத்தது. சிவராத்திரி புராணம் பாடிய வரத பண்டிதரும், தமிழ்ப் புலவர் சரித்திரம் இயற்றிய அ. குமாரசுவாமிப் புலவரும் (1854–1922) இவ்வூரினரே. அயலிலுள்ள கந்தரோடையில் ஸ்கந்தவரோதயாக் கல்லூரி 1894 இல் தோன்றியது.

இவ்வளவுக்கும் ஆதாரமான நீருக்கே பின்னாளில் ஊறு நேர்ந்தது. மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடியிற் கலந்தது. பல கிணறுகளின் நீர் குடிக்கத் தகாததாயிற்று. வழக்கை விசாரித்த உயர் நீதிமன்றம், மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 இல் தீர்ப்பளித்தது.

வளவுக்கு வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் மாசுபடுத்தினால் ஊரே தவிக்கும். பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைத்தவர்கள் அன்றே உணர்ந்திருந்த உண்மை இது. இளையோரும் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.