அசடு யார்?

ராஜா ராணிப் படம் என்றாலே, "அட்டைக் கத்தியும் ஜிகினா உடுப்பும்தானே!" என்று அலட்சியமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஜிகினாவுக்குள் நம் தெருச் சங்கதி ஒன்று இருக்கிறது என்றால் சகோதரிகள் நம்புவீர்களா?

1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யைப் பாருங்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு, வசனம் மு. கருணாநிதி. ராஜகுருவாக நம்பியார், அவர் மகன் பார்த்திபனாக எஸ். ஏ. நடராஜன். தளபதிப் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் கொள்ளைக்காரனாகிறான் பார்த்திபன். இளவரசிக்கு அவன் அனுப்பிய காதல் ஓலை, தவறுதலாக மந்திரியின் மகள் அமுதவல்லியிடம் போய்ச் சேருகிறது. மனுஷன் கலங்கினானா? இல்லை. வந்தவளிடமே காதல் பேசுகிறான்! மாதுரி தேவி நடித்த அந்தப் பெண்ணும் நம்பிவிடுகிறாள். அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்து, தேவி வாக்குப் போல் பேசி, அவனைத் தண்டனையிலிருந்தும் காப்பாற்றுகிறாள். கைம்மாறாக அவன் என்ன செய்தான்? அவளை மணந்து, மலை உச்சிக்கு அழைத்துப் போய்க் கொல்லப் பார்த்தான்.

தச்சநல்லூர் வீட்டில் இந்தப் படத்தை டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தோம். "சரியான அசடு!" என்று சித்தப்பா சிரித்தார். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவள ஏம்ல அசடுன்னு சொல்லுதே? அவன் பேசுத பேச்சைக் கேட்டா யாருதான் நம்பமாட்டா?"

ஆச்சி யாரை நினைத்துச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு பெண். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றவன் ஊரைவிட்டே போய்விட்டான். அவனை ஒருவரும் ஏசவில்லை. அவள்தான் வாசலில் கோலம் போட வரவும் கூசினாள்.

பிரெஞ்சு எழுத்தாளர் லாக்லோ 1782-ல் எழுதிய நாவலிலும் பிரபுக்கள் கடிதங்களாலேயே பெண்களை வளைக்கிறார்கள். 1988-ல் அது ஹாலிவுட் படமாகவும் வந்தது. ஓலையானால் என்ன, கடிதமானால் என்ன, இன்றைய கைப்பேசியானால்தான் என்ன?

மலை உச்சியில் அமுதவல்லி, "சாகுமுன் உங்களை மூன்று முறை வலம் வருகிறேன்" என்று கேட்கிறாள். பார்த்திபன் சம்மதிக்கிறான். பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். குண்டலகேசிக் காப்பியத்திலிருந்து வந்த கட்டம் அது.

கவனித்தீர்களா? சூழ்ச்சியே தொழிலான பார்த்திபனும் இனிய பேச்சை நம்பித்தான் விழுந்தான். அவனை யாரும் அசடு என்பதில்லை!

அடுத்த முறை உங்கள் தெருவில், "அவள் ஏன் நம்பினாள்?" என்று பேச்சு எழுந்தால், "அவன் ஏன் பொய் சொன்னான்?" என்று நீங்களாவது கேளுங்கள்.