வாகனம் நிற்குமிடத்துக்கும் வாசலுக்கும் இடையில்

ஞாயிறு இரவு, இலங்கைத்துறை

பெட்டி கட்டியாயிற்று. என் கணவருக்கு வலக்கண்ணில் புரை முற்றிவிட்டது. சத்திர சிகிச்சை சென்னையில். விடியுமுன் புறப்பட்டு, மூதூர், கிண்ணியா, திருகோணமலை, வவுனியா என்று போய் ஏ9 வீதியில் ஏறினால் பலாலி விமான நிலையம். பிற்பகல் விமானம்.

லண்டனிலிருந்து மகன் எடுத்து, "அம்மா, அவ்வளவு தூரம் வாகனத்தில இருந்து போவீங்களா?" என்றான். இருந்து போவதில் எங்களுக்குக் கஷ்டமில்லை. எனக்குப் பயமெல்லாம் வாகனம் நின்ற பிறகு வருகிற தூரத்தை நினைத்துத்தான். இவருக்கு முழங்கால், எனக்கு இடுப்பு. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு வண்டியில் ஏறி இறங்க வேண்டிய அந்த ஒரு மைல், எங்கள் வயதில் முழுப் பயணத்தையும் விடப் பாரம்.

இந்தப் பக்கத்தாருக்கு இறங்கி ஏறுவது பழகிய காரியம். நான் படிப்பித்த காலத்தில், தரைவழியே திருகோணமலைக்குப் போவதென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று துறைக்குத் துறை பாதை என்கிற மிதவையில் ஏற வேண்டும். பஸ்ஸை விட்டிறங்கி, சாக்கும் பிள்ளையுமாகக் கரையில் காத்து நின்று, பாதை வந்ததும் நெரிந்து ஏறுவோம். கிழவர்களைத் தோளில் தாங்கி ஏற்றுவதற்கு யாராவது ஒரு இளந்தாரி கட்டாயம் இருப்பான். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தபோது, 396 மீற்றர், நாட்டிலேயே நீளமான பாலம் என்று எல்லோரும் நீளத்தைச் சொன்னார்கள். என் மாமியார் சொன்னது வேறு: "இனி இறங்கத் தேவையில்லை, பிள்ளை."

திங்கள், பலாலி

வாகனம் வெளியிலேயே நின்றது. பயணிகளை உள்ளே கொண்டுபோக ஒரு பஸ். எங்களை ஏற்றிவந்த தம்பி, "டீச்சர், இதுக்கு மேல என்னை விடமாட்டாங்கள்" என்று பெட்டியை இறக்கி வைத்தான்.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பறந்தவர்களும் பட்டணத்தில் கூடி, பஸ்ஸில் ஏறி, உயர் பாதுகாப்பு வலயத்தினூடாகத்தான் இங்கே வந்தார்கள். 2019 ஒக்டோபரில் இது சர்வதேச விமான நிலையமாகி, அடுத்த மாதமே சென்னைக்கு அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கியது. கொரோனா வந்து நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது. வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் போகிற முதியவர்களுக்கு இது பெரிய வரம். கட்டுநாயக்காவுக்கு இரவு முழுக்கப் போய் அலைய வேண்டாமே.

பஸ் படியில் இவர் ஏறியதை எழுதி வைக்க வேண்டும். நம் நாட்டுச் சாதாரண பஸ்ஸின் முதற்படி ஏறக்குறைய முழங்கால் உயரம். இடக்கையால் கம்பியைப் பிடித்தார். வலக்கையை என் தோளில் வைத்தார். நோவில்லாத கால் முன்னே. உடம்பு மேலே போன பிறகு நோவுள்ள கால். இறங்கும்போது இதற்கு மாறு: நோவுள்ள கால்தான் முதலில். உடற்பயிற்சி வைத்தியர் சொல்லித் தந்த முறை. இதற்கு இரண்டு கையும் வெறுங்கையாக இருக்க வேண்டும். அதனால்தான் மருந்து, கடவுச்சீட்டு, கண் வைத்தியரின் துண்டு எல்லாவற்றையும் கழுத்தில் குறுக்கே போடும் பையில் வைத்திருந்தேன். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள். அந்தப் பொறுமை எவ்வளவு பெரிய உதவி என்று இளம் ஆட்களுக்குத் தெரிய நியாயமில்லை.

திங்கள் இரவு, சென்னை

ஏடிஆர் விமானத்தில் பின்கதவால், படியேறித்தான் உள்ளே போக வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டு வைத்திருந்தோம். அதில் வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. படி ஏறுவார், தூரம் நடக்கமாட்டார் என்றால் டபிள்யூசிஎச்ஆர். படியும் ஏறமாட்டார் என்றால் டபிள்யூசிஎச்எஸ். வெறுமனே "வீல்செயார் வேணும்" என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. படியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அழைப்பு வாடகைக் கார்கள் 2022 டிசம்பரில் திறந்த அடுக்குமாடித் தரிப்பிடத்தில்தான் ஏற்றுகின்றன. வாசலிலிருந்து அங்கே போக மின்கல வண்டி. படி தாழ்வாக இருந்ததால் இவர் தாமாகவே ஏறினார். கடைசி இருக்கை பின்பக்கம் பார்த்திருக்கும். பக்கம் திறந்த வண்டி என்பதால் திருப்பத்தில் உடம்பு சரியும். முதியவர்கள் சாரதிக்குப் பின்னுள்ள வரிசையைக் கேட்டு வாங்குவது நல்லது.

புதன், சென்னை

சிகிச்சை நல்லபடி முடிந்தது. குனிய வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம், கண்ணில் கை வைக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கேட்டதும் என் நினைவு பலாலி பஸ்ஸுக்குத்தான் போனது. பெட்டியை யார் தூக்குவது?

மகனிடம் சொன்னேன். அவன் சொன்னதைக் கேட்டு உறக்கம் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள விதிப்படி, நடக்க முடியாதவர் வந்து சேர்ந்ததை அறிவித்து உதவி கேட்பதற்கான இடங்களை விமான நிலையம் கட்டடத்துக்கு வெளியிலும் குறித்து வைக்க வேண்டுமாம். கார் தரிப்பிடத்தில் நின்றே ஆளை அழைக்கலாம். ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னும் பிரித்தானியா அதை வைத்திருக்கிறது.

முதியவர்களின் கஷ்டம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. விமானக் கம்பனியின் உதவி கட்டட வாசலில் தொடங்குகிறது. நம்மை ஏற்றிவந்தவரின் உதவி வெளிவாசலில் முடிகிறது. நடுவில் இருப்பது யாருடைய பொறுப்பும் இல்லை. காவலுக்காக வாகனத்தைத் தூரத்தில் நிறுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் நாடு பட்ட பாட்டுக்கு அந்த எச்சரிக்கை நியாயம். ஆனால் நிறுத்துகிறவர்கள் அங்கிருந்து உள்ளே போகும் வரைக்கும் எங்களைப் பொறுப்பெடுக்க வேண்டும்.

வியாழன், சென்னை

விமான நிலைய நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி முடித்தேன். பஸ் நிற்கும் இடத்தில் கூரையும் நாலைந்து இருக்கையும். தாழ்ந்த படியுள்ள ஒரு சிறு வண்டி, அது முடியாவிட்டால் படிக்கு முன் வைக்க ஓர் உறுதியான மரப்பெட்டி. பெட்டி தூக்க ஒருவர். உதவிக்கு அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம், தமிழில் பெரிய எழுத்தில். மரப்பெட்டியின் உயரம் ஆறு அங்குலம் போதும் என்றும் எழுதியிருக்கிறேன். இவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கைப்பிடியை விட்டிட்டீர்" என்றார். இருபக்கமும் கைப்பிடி என்று சேர்த்தேன்.