பொருநைக் கரையின் நான்கு ஊர்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் ஒரு செம்மண் மேடு தென்படும். சரளைக் கல்லும் முட்செடியும் நிறைந்த வறண்ட நிலம். பேருந்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கத் தூண்டும் அழகு எதுவும் அங்கே இல்லை. ஆயினும் 114 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பரம்பு, பண்டைத் தமிழர் தம் முன்னோரைத் தாழிகளில் வைத்துப் புதைத்த பெரும் இடுகாடு. அதுவே ஆதிச்சநல்லூர்.

சுற்றிலும் பொருநை எனும் தாமிரபரணி பாயும் பச்சை வயல்கள். உழவுக்கு உதவாத மேட்டை இறந்தவர்க்கு ஒதுக்கி, நீர் பாயும் நன்செயை வாழ்வோர்க்கு விட்டுவைத்த அந்நாளைய மக்களின் அறிவு வியக்கத்தக்கது.

1876ஆம் ஆண்டில் ஜாகோர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இங்கே தோண்டினார். கிடைத்த பானைகளையும் இரும்புக் கருவிகளையும் எலும்புகளையும் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர், 1899 முதல் 1905 வரையிலான ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் பொன்னாலான நெற்றிப் பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் ஆயிரக்கணக்கில் இரும்புப் பொருள்களும் வெளிப்பட்டன. அவை சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. ஊரின் செல்வமெல்லாம் ஊரைவிட்டுப் போயிற்று; மேடு மட்டும் எஞ்சியது.

2004-05இல் இந்தியத் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழ்ந்தபோது 160க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. ஆனால் அவற்றின் காலம் என்ன என்பதை அறிய மக்கள் பல்லாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்த பின்னரே, 2019இல், இரு மாதிரிகளின் காலம் கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும் தெரியவந்தது. மண்ணுக்குள் மூவாயிரம் ஆண்டுகள் பொறுத்திருந்த செய்தி, மண்ணுக்கு மேலே வந்தபின் பதினைந்து ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது.

இறந்தோரின் உறைவிடத்தைத் திறத்தல் முறையாகுமா என்ற கேள்வி, அங்கே செல்பவர் உள்ளத்தில் எழாமல் இராது. 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அகழ்வைப்பகம் அதற்கு ஓரளவு விடை தருகிறது. தாழிகளைப் பெயர்த்தெடுக்காமல், கிடைத்த இடத்திலேயே, கிடைத்த நிலையிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். அதன்மீது நிற்பவர் எவரும் உரக்கப் பேச மாட்டார். பண்டைய மனிதரைப் பற்றி அறிவதும் அவரை மதிப்பதும் ஒன்றோடொன்று பொருந்தக் கூடியவையே.

ஆற்றைக் கடந்து வடகரைக்குச் சென்றால் சிவகளை. அங்கும் ஒரு பரம்பு, அங்கும் தாழிகள். ஒரு தாழியினுள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. இறந்தவரோடு நெல்லையும் வைத்து வழியனுப்பிய கைகளை எண்ணிப் பாருங்கள். இன்றும் அவ்வூரைச் சூழ்ந்து நெல்லே விளைகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. 3345 வரை பின்னோக்கிக் கொண்டு செல்கிறது. மேலும் பல இடங்களில் இத்தகைய சான்றுகள் கிடைத்து இம்முடிவு உறுதிப்பட வேண்டும் என்போரும் உளர். அறிவுத் துறையில் அவசரம் ஆகாது என்பதால் அவர்கள் சொல்லும் ஏற்கத்தக்கதே.

ஆற்றோடு கிழக்கே சென்றால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று நாம் படித்த ஊர், இன்று வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே அமைதியான சிற்றூராக இருக்கிறது. கடல் ஐந்தாறு கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. கிரேக்க நூலான பெரிப்ளூஸ் இவ்வூரைக் கொல்கை எனக் குறித்து, குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்ததையும் சொல்கிறது. அரசியர் கழுத்தை அலங்கரித்த முத்துக்குப் பின்னால் இப்படியும் சிலரின் மூச்சு அடங்கியிருக்கிறது. 1968-69இல் நடந்த அகழாய்வில் கிடைத்த ஒரு மாதிரி, கி.மு. 785ஐச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டது. 2021இல் மீண்டும் அகழ்ந்தபோதும் சங்கறுத்தல் தொழிலின் தடயங்கள் வெளிப்பட்டன.

ஆறு கொணர்ந்த வண்டல் கொற்கையைத் தூர்த்தது. துறைமுகம் கடலைத் தேடிக் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வந்ததை எழுதியிருக்கிறார். 1870களில் கால்டுவெல் பழையகாயலில் ஆராய்ந்து, சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு மட்கலத் துண்டுகளும் கிடப்பதைக் கண்டார். அந்தக் கடல் வணிகத்தில் தழைத்த நம் மக்களின் பழமையைக் காயல்பட்டினத்தின் பள்ளிவாசல்களும், அரபு எழுத்துகள் பொறித்த மீசான் கற்களும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பழையகாயலையும் பின்னர் வண்டல் தூர்த்தது. இன்று அதுவும் கடலோடு நேரடி உறவற்ற ஊர்தான்.

ஊர்களை வளர்த்ததும் இந்த ஆறு, ஊர்களைத் தூர்த்ததும் இந்த ஆறு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, பொருநை தன் பழைய வலிமையைக் காட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. எத்தனையோ வீடுகள் நீரில் மூழ்கின. தொல்லியலார் மண்ணடுக்குகளில் காணும் வெள்ளப் படிவுகள் ஒவ்வொன்றும் இப்படி யாரோ ஒரு குடும்பத்தின் துயரமாகவே இருந்திருக்கும்.

ஆனால் இம்மண்ணின் நினைவை வெள்ளத்தைவிட விரைவாக அழிக்க வல்லவை மனிதக் கைகளே. சரளைக்காக ஒரு பரம்பு வெட்டப்பட்டால், அதிலிருந்து படிக்க வேண்டிய வரலாறு ஒரு பகலிலேயே லாரியில் ஏறிப் போய்விடும்.

விடுமுறையில் திருச்செந்தூர்ப் பக்கமோ காயல்பட்டினத்து உறவினர் இல்லங்களுக்கோ செல்லும் குடும்பத்தினர், ஒரு நாளை ஒதுக்கி இந்நான்கு ஊர்களையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஒன்றை மட்டும் முன்னதாகவே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்: வயல் வரப்பில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடு கிடந்தால் பார்க்கலாம், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. கிடந்த இடத்தில் அது சாட்சி. வீட்டு அலமாரியில் அது வெறும் ஓடு.