கறுப்புக்கு ஒரே மை

"கறுப்பு என்டா கறுப்புத்தானே தம்பி, அதில என்ன கெடக்கு?"

கவிதைத் தொகுப்போ, பாடசாலை மலரோ, பள்ளிவாசல் சிறப்பிதழோ, அச்சுக்குக் கொடுக்க முதல் ஃபைலை எங்களிடம் காட்ட வாறவங்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. திரையில் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். தாளில் அப்படியில்லை.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் நாங்க நாலஞ்சு பேர். புத்தகம் வடிவமைப்பது எங்கட தொழில் இல்லை. வாசிக்கிற பழக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த வேலை அது. இந்த வேலைக்குள் வந்த பிறகு ஒரு கறுப்புக்கும் இன்னொரு கறுப்புக்கும் இடையில் எவ்வளவு கிடக்கு என்று விளங்கியது.

கொம்பியூட்டர் திரை சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தால் வேலை செய்யுது. மூன்றும் அணைந்தால் கறுப்பு. இதுதான் ஆர்ஜிபி. அச்சு இயந்திரத்தில் வெளிச்சம் இல்லை, மைதான். சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை, நாலு பிளேட். இதுதான் சிஎம்வைகே. வேர்டில் தட்டிய எழுத்து ஆர்ஜிபி கறுப்பு. அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால், பிரஸ்ஸில் சிஎம்வைகேக்கு மாறும்போது அது நாலு மையாகப் பிரியக்கூடும். ஃபோட்டோஷொப்பில் வழமையாக இருக்கும் அமெரிக்க அச்சு அமைப்பில் மாற்றிப் பார்த்தால் சயான் 75, மஜென்டா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும். கூட்டினால் 300 வீதம். ஒரு சின்ன எழுத்துக்கு அவ்வளவு மை.

எழுத்துக்குத் தேவையானது 0, 0, 0, 100. கறுப்பு மை மட்டும். மருதமுனைத் தறியில் சாறனுக்குக் கறுப்புக் கோடு போட வேண்டுமென்றால் கறுப்பு நூலைத்தான் எடுப்பார்கள். நாலு நிற நூலை முறுக்கி யாரும் கறுப்பு செய்வதில்லை.

நாலு மையால் வந்த எழுத்து ஏன் கெடுகிறது? எங்கட பக்கத்துச் சின்ன பிரஸ்களில் ஒரு நேரத்தில் ஒரு மை மட்டும் அடிக்கும் இயந்திரங்கள் இன்னும் ஓடுது. நாலு நிறம் வேண்டுமென்றால் அதே தாள் நாலு தரம் உள்ளே போகணும். கடற்காற்றில் தாள் ஈரம் குடிக்கும், கொஞ்சம் விரியும். முதல் தரம் விழுந்த இடத்தில் நாலாம் தரம் விழாது. படத்தில் அந்த விலகல் பெரிதாகத் தெரியாது. எழுத்தில் தெரியும். ஓரத்தில் ஒரு சிவப்பு நிழல், இல்லாவிட்டால் ஒரு நீல நிழல். பத்துப் புள்ளி அளவுத் தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீற்றர்கூட இல்லை. நாலு மை ஆளுக்கொரு பக்கம் விலகினால் அந்தப் புள்ளி கறையாகிப் போகும். 'ண'வின் சுழிக்குள் மை நிரம்பும்.

அறபு எழுத்தில் இது இன்னும் பாரதூரம். கீழே ஒரு புள்ளி என்றால் பா, மேலே இரண்டு என்றால் தா, மூன்று என்றால் ஸா. மேலே ஒரு சின்னக் கோடு, கீழே ஒரு சின்னக் கோடு, ஓசை மாறிவிடும். துஆக் கிதாபிலும் யாஸீன் கிதாபிலும் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். கண் மங்கிய உம்மும்மா ஒருத்தர் அதை வைத்து ஓதப்போகிறார்.

அடுத்தது காசு. உள்பக்கம் முழுக்கக் கறுப்பு எழுத்துத்தான் என்றால் ஒரு பக்கத் தாளுக்கு ஒரு பிளேட் போதும். ஃபைலில் நாலு நிறம் கிடந்தால் நாலு பிளேட், நாலு தரம் ஓட்டம். பிரஸ்ஸில் ஒருவர் கவனித்து மாற்றிக் கொடுத்தால் அதிர்ஷ்டம். எல்லா நாளும் அது நடக்காது. இங்கே புத்தகம் போடுகிறவர் அநேகமாகச் சொந்தக் காசில் முந்நூறு பிரதி அடிப்பவர். வெளியீட்டு விழாவில் முதற்பிரதியை ஒரு தனவந்தர் வாங்கினால் கொஞ்சம் கடன் தீரும். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் பரீட்சைகளே தள்ளிப்போன நாடு இது. பிழையாய் வந்தால் திரும்ப அடிக்க யாரிடமும் காசில்லை.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. கோத்த எழுத்தில் கறுப்பு மை தடவினால் கறுப்பு. எம்.ஏ. நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977இல் கல்முனையிலிருந்து வாசகர் சங்க வெளியீடாக வந்தபோது எந்தக் கறுப்பு என்று எழுதினவர் யோசித்திருக்கத் தேவையில்லை. அந்த முடிவு இப்போது ஃபைல் செய்கிற எங்கட கையில்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

இன்டிசைனில் எழுத்துக்கு அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'பிளாக்' நிறத்தையே கொடுங்கள். அதுதான் கறுப்பு மை மட்டும். பக்கத்தில் 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒன்று இருக்கும். பார்க்க அதே கறுப்பு, ஆனால் நாலு பிளேட்டிலும் 100. வெட்டுக்குறிக்கு உரியது அது, எழுத்தில் படக்கூடாது. வேர்டிலிருந்து கொண்டுவந்த பந்திகளோடு ஆர்ஜிபி கறுப்பும் சேர்ந்து வந்திருக்கலாம். நிறப் பட்டியலில் தேடி அழியுங்கள். எதை மாற்றாக வைப்பது என்று கேட்கும், 'பிளாக்' என்று சொல்லுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது பிடிஎஃப் எக்ஸ்-1ஏ. அவுட்புட் பகுதியில் எண்களைக் காப்பாற்றும் 'பிரிசர்வ் நம்பர்ஸ்' தெரிவு இருக்கட்டும். அப்போதுதான் 0, 0, 0, 100 அப்படியே போகும். ஆனால் உள்ளே ஆர்ஜிபி கறுப்பு மிச்சம் இருந்தால் எக்ஸ்-1ஏ அதையும் நாலு மையாக்கிவிடும். அதனால்தான் நிறத்தை முதலில் திருத்தச் சொல்கிறோம்.

இன்டிசைனுக்குக் காசில்லையா? ஸ்கிரைபஸ் இலவசம், 1.6இல் தமிழ் உடையாமல் வரும். பிடிஎஃப் எடுக்கும்போது 'பிரின்டர்' என்று தெரிவு செய்யணும். 'ஸ்கிரீன்' என்று விட்டால் திரும்பவும் ஆர்ஜிபிதான்.

அட்டையில் பெரிய கறுப்புப் பரப்பு வந்தால் கதை வேறு. கறுப்பு மை மட்டும் அங்கே வெளிறித் தெரியும். 60, 40, 40, 100 போல மற்ற மைகளையும் சேர்க்கலாம். பெரிய தலைப்புக்கும் சரி. வாசிக்கிற எழுத்துக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. அக்ரோபட் புரோவில் 'அவுட்புட் பிரிவியூ'வைத் திறந்து கறுப்புக்கு எதிரே இருக்கும் சரியை எடுத்துவிடுங்கள். எழுத்தெல்லாம் மறைந்து வெறும் பக்கம் நின்றால் ஃபைல் சரி. மங்கலாக ஏதும் மிச்சம் தெரிந்தால் இன்னும் வேலை இருக்கு. அக்ரோபட் இல்லாதவர்களுக்கு கோஸ்ட்ஸ்கிரிப்டில் 'இங்க்கவ்' என்று ஒரு வசதி, அதுவும் இலவசம். பக்கத்துக்குப் பக்கம் நாலு மையின் அளவையும் நாலு எண்ணாகக் காட்டும். முதல் மூன்றும் பூச்சியம் என்றால் கறுப்பு மட்டும்தான்.

இந்தக் கரையில் ஒரு புத்தகம் இரண்டாம் பதிப்புக் காண்பது அபூர்வம். யாரோ ஒருத்தர் வீட்டு அலுமாரியில் தப்பிக் கிடக்கிற பிரதிதான் முப்பது வருடம் கழித்து ஸ்கேனுக்குப் போகும். அன்று வாசிக்கிறவருக்கு மெய்யெழுத்தின் புள்ளி புள்ளியாகவே தெரிய வேண்டும். அதற்கு இன்றைக்குச் செலவு ஐந்து நிமிடம். பிரஸ்ஸுக்குப் போக முதல் அந்தச் சரியை ஒருக்கா எடுத்துப் பாருங்கள்.